பெரியம்மாளுக்குக் கொஞ்சம் தெரியும்

காரிமங்கலம் பக்கத்து மனிதர்களிடம் நேராக ஒரு கேள்வி கேட்டு நேரான பதிலை வாங்கிவிட முடியாது. கேன் நிறையப் பாலைச் சொசைட்டியில் ஊற்றிவிட்டுத் திரும்புகிறவரை நிறுத்தி, "மாடு நல்லாக் கறக்குதுங்களா?" என்று கேளுங்கள். "ஏதோ கறக்குதுங்க" என்பார். களம் கொள்ளாமல் ராகியைக் குவித்து வைத்திருப்பவர், "இந்த வருசம் ஒன்னும் சொல்லிக்கிற மாதிரி இல்லீங்க" என்பார். பிள்ளை பள்ளியிலேயே முதலாவதாக வந்திருந்தால் "ஏதோ பாஸ் பண்ணிட்டான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இது பொய் இல்லை. கேட்டவர் உடனே, "அட, உங்களுக்கென்னங்க, சும்மா சொல்றீங்க" என்று சொல்ல வேண்டும். அவர் சொன்னதும் இவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரிக்க வேண்டும். அத்தோடு விஷயம் இருவருக்கும் விளங்கிவிடும், கண்ணும் படாது. விற்கக் கொண்டுபோகிற அன்றைக்கு மட்டும்தான் இங்கே ஒரு மாடு தன் முழுப் பாலையும் கறக்கும்.

பெரியம்மாள் தன்னை விற்கக் கற்றுக்கொள்ளவே இல்லை. நாற்பத்திரண்டு வயதுவரைக்கும் அதற்கு அவசியமும் வரவில்லை.

பத்தாம் வகுப்பில் கணக்கில் நான்கு மதிப்பெண் குறைந்து தேறாமல் போனவள். பத்தொன்பதில் மாதையனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டு ஏக்கர் மேட்டுநிலம். மழை பெய்தால் நிலக்கடலை, பொய்த்தால் கொள்ளு. போர்வெல் போட்டார்கள், புகைதான் வந்தது. இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம், தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஒரு கம்பெனியின் வேன் ஊர் முனைக்கு வர ஆரம்பித்தது. ஊரிலிருந்து ஏறிய ஏழு பெண்களில் ஆறு பேர் ஒரு வருடத்துக்குள் நின்றுவிட்டார்கள். பெரியம்மாள் பதின்மூன்று வருடமாக அதே வேனில் அதே ஜன்னலோரம்.

கம்பெனியில் வண்டிகளுக்கான சின்னச் சின்ன பிளாஸ்டிக் பாகங்கள் செய்வார்கள். கிளிப், மூடி, வயர் சொருகுகிற கூடு. எல்லாம் ஓசூரில் இருக்கிற பெரிய கம்பெனிக்குப் போகும். பதினாறு மெஷின். நைலான் குருணையை மேலே கொட்டினால் உள்ளே உருகி, மோல்டு என்கிற அச்சுக்குள் பாய்ந்து, இறுகி, பாகமாக விழும். கேட்பதற்குச் சுலபம். சூடு கொஞ்சம் கூடினால் கருகும், குறைந்தால் பாதிதான் நிரம்பும், அழுத்தம் மிஞ்சினால் ஓரத்தில் பிசிறு வரும், குருணையில் ஈரம் இருந்தால் உடம்பெல்லாம் வெள்ளைக் கோடு விழும். இதையெல்லாம் பார்த்து மெஷினை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறவருக்குச் செட்டர் என்று பெயர். மெஷின் முன்னால் நின்று பாகத்தை எடுக்கிற ஆபரேட்டருக்குச் சாம்பல் நிறக் கோட்டு. செட்டருக்கு நீலக் கோட்டு, பாக்கெட்டின் மேல் வெள்ளை நூலில் பெயர். செட்டருக்குப் பகல் ஷிஃப்ட் மட்டும்தான். மற்றவர்கள் வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறி, வேளை கெட்ட வேளையில் தூங்கி, தூக்கம் என்பதே மறந்துபோனவர்கள்.

பெரியம்மாள் பிளேடு வைத்துப் பிசிறு சீவுகிற வேலையில் தொடங்கினாள். சீவச் சீவ, எந்தப் பிசிறு எதனால் வருகிறது என்று பார்க்க ஆரம்பித்தாள். யாரும் சொல்லித்தரவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. பிறகு ஆபரேட்டராக மெஷின் முன்னால் நிறுத்தினார்கள். ஒரு தடவை உருகிய நைலான் தெறித்து இடது கைப் பெருவிரலில் பிறை போல ஒரு தழும்பு விழுந்தது. செட்டர் சென்னப்பன் நல்ல மனிதர்தான், ஆனால் தேநீர்ப் பிரியர். "பெரியம்மா, மூணாம் மெஷினக் கொஞ்சம் பாரு" என்று சொல்லிவிட்டு கேண்டீன் பக்கம் போவார். அந்தக் கொஞ்சம் ஆறு வருடம் நீடித்தது. ஈரத்தைக் கண்டுபிடிக்க அவளாகவே ஒரு வழி வைத்திருந்தாள். உருகினதை ஒரு அட்டையின் மேல் விழவிட்டுக் காதைக் கிட்டே கொண்டுபோவாள். ஈரமிருந்தால் தாளிக்கிற கடுகு மாதிரிப் பொரியும். பொரியாமல் சும்மா கிடந்தால் ஓட்டலாம்.

போன சித்திரையில் சென்னப்பன் ஓசூரில் பெரிய இடத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவருடைய நீலக் கோட்டு டூல் ரூம் ஆணியில் தொங்கியது. அடுத்தது யார் என்று மெஷின் ஹாலில் யாரும் யோசிக்கவே இல்லை. பக்கத்து மெஷின் ஷகிலா, தர்மபுரி டவுன்காரி, வாய் ஓயாதவள், வெளிப்படையாகவே சொன்னாள்.

"அக்கா, நீலக் கோட்டு உங்களுக்குத்தான். ஸ்வீட்டு என்ன வாங்கப் போறீங்க?"

"அட போம்மா, அதெல்லாம் நமக்கெதுக்கு" என்றாள் பெரியம்மாள்.

ஆனால் இரண்டு நாள் கழித்து, சாப்பாட்டு வேளையில், அதே ஷகிலாவிடம் தணிந்த குரலில் ஒன்று கேட்டாள். ஷகிலா வீட்டில் தையலும் பார்க்கிறவள். "ஏம்மா ஷகிலா, பாக்கெட்டு மேல நாலு விரக்கட எடந்தான் இருக்குது. என் பேரு நீளமாச்சே, புடிக்குமா?"

"ரெண்டு வரியா தெச்சாப் புடிக்கும்க்கா" என்றாள் ஷகிலா, சிரிக்காமல். பெரியம்மாளுக்கு அந்த நீலக் கோட்டு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது அந்த ஒரு நாள்தான் வெளியே தெரிந்தது.

ஆனி மாதம் ஓசூர் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பெட்டி பெட்டியாகப் பாகங்கள் திரும்பி வருகின்றன, உங்கள் தொழிலாளர்களிடம் திறன் இடைவெளி இருக்கிறது, மூன்று மாதத்தில் அதைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எச்.ஆர். மேனேஜர் மாதவராஜ் கோயம்புத்தூர்க்காரர், வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கெட்டவர் இல்லை. எல்லாரையும் "நம்ம ஃபேமிலி" என்பார். குடும்பத்தில் யாருக்கு என்ன தெரியும் என்பதைக் கண்டுபிடிக்கச் சென்னையிலிருந்து ஒரு ஆலோசனை நிறுவனத்தைக் கூப்பிட்டார்.

அவர்கள் ஒரு படிவம் கொண்டுவந்தார்கள். கேண்டீனில் உட்காரவைத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். இருபத்திரண்டு கேள்வி. மோல்டு மாற்றத் தெரியுமா? சூடு வைக்கத் தெரியுமா? ஈரத்தைக் கண்டறியத் தெரியுமா? ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டம்: நன்றாகத் தெரியும், ஓரளவு தெரியும், கொஞ்சம் தெரியும். கால் மணி நேரம்.

பெரியம்மாள் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேள்விகள் அவளுக்குப் புதிதில்லை, எல்லாம் அவள் தினமும் செய்கிற வேலை. ஆனால் 'நன்றாகத் தெரியும்' என்று தன் கையாலேயே எழுதிக்கொடுப்பதா? பக்கத்தில் நாலு பேர் பார்க்கிறார்கள். மாதவராஜ் சார் வேறு நடந்துகொண்டிருக்கிறார். எவ்வளவு திமிர் என்று நினைக்க மாட்டார்களா? இருக்கிறவர்களுக்கெல்லாம் தெரியாததா, யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று? முதல் கேள்விக்குக் 'கொஞ்சம்' என்று போட்டாள். போட்டதும் மனசு லேசாகிவிட்டது. இருபத்திரண்டுக்கும் கொஞ்சம்.

ஷகிலா எல்லாவற்றுக்கும் 'நன்றாக' போட்டுவிட்டு எழுந்தாள். மோல்டு மாற்றுகிற பக்கமே அவள் போனதில்லை. டிப்ளமோ முடித்து எட்டு மாதம் முன்னால் சேர்ந்த தமிழ்ச்செல்வன் இருபதுக்கு 'நன்றாக' போட்டான். அவன் ஊர் அரூர். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. இன்டர்வியூவில் எதற்கும் தெரியாது என்று சொல்லாதே என்பதைத்தான் அவன் காலேஜில் கடைசி வருடம் முழுக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அந்தப் படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "அட, சும்மா எழுதியிருக்கீங்க, உங்களுக்கா தெரியாது?" என்று ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். இந்த ஊரில் எந்தப் பேச்சும் அப்படித்தான் முடியும். காகிதத்துக்கு அந்தப் பாதி தெரியாது. அதை எடுத்துக்கொண்டு போனவர்களுக்கும் தெரியாது. சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கட்டங்களை எண்ணியது, அவ்வளவுதான்.

ஆடி பிறந்த வாரம் மெஷின் ஹால் வாசலில் பெரிய பலகை மாட்டினார்கள். எல்லார் பெயரும் இருந்தது, பெயருக்கு எதிரே ஒரு வட்டம். கால் வட்டம் கறுத்திருந்தால் கற்றுக்கொள்கிறவர். முழு வட்டம் கறுத்திருந்தால் தானும் செய்து மற்றவருக்கும் சொல்லித்தரக்கூடியவர். ஷகிலாவுக்கும் முழு வட்டம், தமிழ்ச்செல்வனுக்கும் முழு வட்டம்; அவனிடம் டிப்ளமோவும் இருந்தது. பெரியம்மாளுக்குக் கால். பலகைக்குக் கீழே தனித்தாளில் இன்னொரு அறிவிப்பு: புதிய செட்டர், திரு. தமிழ்ச்செல்வன்.

அவள் அந்தப் பலகைக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. பிறகு நேராக மாதவராஜ் அறைக்குப் போனாள். பதின்மூன்று வருடத்தில் அந்த அறைக்குள் தானாகப் போனது அதுதான் முதல் தடவை.

"சார், பலகையில தப்பா இருக்குதுங்க."

மாதவராஜ் ஒரு ஃபைலை எடுத்துப் புரட்டி, ஒரு தாளை அவள் பக்கம் திருப்பினார். "இது நீங்க எழுதுனதுதானேக்கா? உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க. சும்மா அப்படி எழுதுனதுங்க."

"சும்மாவா? அக்கா, இது ஆடிட்டுக்குப் போற டாக்குமென்ட்."

"மெஷின்கிட்ட வாங்க சார். எதுன்னாலும் கழட்டிப் போடுங்க. நான் ஒழுங்கு பண்ணிக் காட்டறேன்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நான் நம்பறேன்க்கா. ஆனா நான் நம்பி என்ன பண்றது? பேப்பர் வேணும். ஐப்பசிக்குள்ள டிரெயினிங் வருது. உங்கள மாதிரி ஆளுங்களுக்காகத்தான் அதையே வெக்கறோம்." கால் வட்டக்காரர்கள் பயிற்சி முடிகிறவரை தனியாக மெஷினில் நிற்கக்கூடாது என்றும் சொன்னார். அதுவரைக்கும் பேக்கிங்.

பதினாறு மெஷினும் அந்த அறையிலிருந்து அறுபது அடி தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. சத்தம் அறைக்குள்ளேயே கேட்டது. திறன் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று தெரிந்துகொள்ள ஒருவர், ஒரே ஒருவர், எழுந்து அறுபது அடி நடந்திருந்தால் போதும். சென்னையிலிருந்து கார் வைத்து வந்தவர்கள் இருந்தார்கள், அறுபது அடி நடக்க ஆளில்லை.

அன்று வீட்டுக்குப் போய் அவள் அழுதாள். மாதையன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டான்.

"நீயே எழுதிக் குடுத்துப்புட்டு இப்ப வந்து அழுவுறியே புள்ள."

"வேற என்னன்னு எழுதறது? எனக்கு எல்லாந் தெரியும்னா எழுதறது? நீயா இருந்தா எழுதுவியா?"

மாதையன் யோசித்துப் பார்த்தான். அவனும் எழுதியிருக்க மாட்டான். 

பேக்கிங் என்றால் பாகங்களை எண்ணிப் பையில் போட்டு, பெட்டியை டேப் ஒட்டி அடுக்குவது. மூளைக்கு வேலையில்லை. ஆனால் காதுக்கு வேலை இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் எந்த மெஷின் இழுத்துக்கொண்டு ஓடுகிறது என்று டேப் ஒட்டும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும். கை பரபரக்கும். போகக்கூடாது.

புரட்டாசியில் சென்னைப் பயிற்சியாளர் வந்தார். மேடைப் பேச்சாளர் மாதிரிக் குரல். ஒரு மெஷினையும் தொட்டவர் இல்லை, அதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். பயிற்சியில் போட்டுக்காட்ட வீடியோ எடுக்க வேண்டும், மெஷினில் வேலையைச் சரியாகச் செய்துகாட்ட ஒரு ஆள் வேண்டும் என்றார். மாதவராஜ் தமிழ்ச்செல்வனைப் பார்த்தார். தமிழ்ச்செல்வன் கீழே பார்த்தான்.

"எனக்கு அவ்வளவு சுத்தமா வராதுங்க சார். பெரியம்மாக்கா பண்ணட்டும்" என்றான். அந்த வார்த்தைக்காகவாவது அவனை வாழ்த்த வேண்டும்.

பேக்கிங்கிலிருந்து அவளைக் கூட்டிவந்தார்கள். கேமராக்காரர் சாம்பல் கோட்டைப் பார்த்து முகம் சுளித்தார். "செட்டர் வேலன்னா நீலம் போட்டாத்தான் சரியா இருக்கும்" என்றார். டூல் ரூம் ஆணியிலிருந்து சென்னப்பனின் பழைய கோட்டை எடுத்து வந்து மாட்டிவிட்டார்கள். தோள் தொளதொளவென்று இருந்தது. "முகம் வேணாம், கை மட்டும் வந்தாப் போதும்" என்றார் பயிற்சியாளர்.

இரண்டு மணி நேரம். சூடு வைத்தாள், அழுத்தம் குறைத்தாள், மோல்டு கழற்றி மாட்டினாள். அட்டையின் மேல் உருகினதை விழவிட்டுக் காதைக் கொண்டுபோனபோது பயிற்சியாளர், "அட, இது எந்தப் புத்தகத்துலயும் இல்லையே! பிரமாதம்மா!" என்றார். மாதவராஜும் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மாள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். இத்தனை மாதம் வராமல் இருந்த அந்த மறுபாதிப் பேச்சு வந்துவிட்டது, இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினாள். முடிந்ததும் கோட்டை வாங்கி மறுபடி ஆணியில் மாட்டினார்கள்.

ஒன்றும் சரியாகவில்லை. அடுத்த வாரம் பயிற்சி வகுப்பு. கால் வட்டக்காரர்கள் பதினான்கு பேர், அவளும் ஒருத்தி. விளக்கை அணைத்துத் திரையில் வீடியோ போட்டார்கள். நீலக் கோட்டுக் கைகள் இரண்டு நிதானமாக வேலை செய்தன. ஒரு ஆண் குரல் அதை விளக்கியது. இடது பெருவிரலில் பிறைத் தழும்பு பளிச்சென்று தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேக்கிங் முனியம்மாள் அவள் முழங்கையை இடித்து, "யாரோ என்னா நறுவிசா பண்றாங்க பாரு" என்றாள்.

"ஆமாம்" என்றாள் பெரியம்மாள். பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

மூன்று மணி நேரம் கழித்து அதே படிவத்தை மறுபடியும் கொடுத்தார்கள். அதே இருபத்திரண்டு கேள்வி. அவள் இந்தத் தடவை யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணு பட்டால் படட்டும். நன்றாகத் தெரியும், நன்றாகத் தெரியும் என்று கடைசிவரை போட்டாள். அழுத்தின அழுத்தில் இரண்டு இடத்தில் காகிதம் கிழிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன்னைப் பற்றிய உண்மையைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தாள்.

அந்த உண்மையைத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் விழா. மெஷின்களுக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, பொரி கடலை வைத்திருந்தார்கள். ஓசூர் ஆட்கள் முன்வரிசையில் இருந்தார்கள். மாதவராஜ் மைக்கைப் பிடித்தார். "ஒரே ஒரு உதாரணம் சொல்றேன். பயிற்சிக்கு முன்னாடி இருபத்திரண்டுக்கும் கொஞ்சந்தான் தெரியும்னு எழுதுன ஒருத்தங்க, மூணே மணி நேரத்துல இருபத்திரண்டுக்கும் நன்றாகத் தெரியும்னு எழுதியிருக்காங்க. இதுதான் பயிற்சி! பெரியம்மாக்கா, மேல வாங்க." திறன் இடைவெளி முழுவதுமாக அடைக்கப்பட்டது என்று திரையில் பச்சை எழுத்தில் ஓடியது. பயிற்சியாளருக்குப் பெரிய சால்வை, அவளுக்குச் சின்னது.

"பயிற்சியப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்று மைக்கை நீட்டினார்.

பெரியம்மாள் மைக்கை வாங்கினாள். எதிரே நூற்றைம்பது பேர். "எனக்கு முன்னாடியே தெரியும்ங்க" என்றாள்.  "எல்லாமே எனக்கு முன்னாடியே நல்லாத் தெரியும்."

 மாதவராஜ் சட்டென்று மைக்கை வாங்கிக்கொண்டார். "பாத்தீங்களா! வாயே தொறக்காத அக்கா எப்படிப் பேசறாங்க பாருங்க! தன்னம்பிக்கை! அதுவும் பயிற்சியில வந்ததுதான்." கைதட்டல் கூரையில் மோதித் திரும்பியது. ஷகிலா மட்டும் தட்டவில்லை. சால்வையோடு கீழே இறங்கி வந்தவளைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

பலகையில் அவள் வட்டத்தை முக்கால் ஆக்கினார்கள். மெஷினில் அவள் இடத்தில் வேறு ஆளைப் போட்டாகிவிட்டது, செட்டர் இடமும் காலியில்லை, அடுத்த வாய்ப்பு வரும்போது முதல் பெயர் உங்களுடையதுதான் என்று மாதவராஜ் அன்போடு சொன்னார். அவள் பேக்கிங்குக்கே திரும்பினாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட மூன்றாம் நாள், சுவருக்கு அந்தப் பக்கம் மூன்றாம் மெஷின் நின்று நின்று ஓடுவது காலையிலிருந்தே அவள் காதில் விழுந்தது. குருணையில் ஈரம். பார்க்காமலே சொல்லிவிடலாம். பதினொரு மணிவாக்கில் தமிழ்ச்செல்வன் வந்தான். நீலக் கோட்டெல்லாம் வியர்வை, பாக்கெட்டின் மேல் பெயர் ஒரே வரியில் அடங்கியிருந்தது. கையில் ஏழெட்டுப் பாகம், எல்லாவற்றிலும் வெள்ளைக் கோடு.

"அக்கா, ரெண்டு மணி நேரமாப் போராடறேன். ஓசூர் லோடு பன்னெண்டு மணிக்குப் போவணும். ஒரு நிமிசம் வந்து பாத்துட்டுப் போங்கக்கா, யாருக்கும் தெரியாம."

யாருக்கும் தெரியாமல். ஆறு வருடம் அப்படித்தான் பார்த்தாள். அவள் கை டேப்பை விட்டுவிட்டு எழப்போனது, அது பழக்கம். அவள்தான் அதைப் பிடித்து நிறுத்தினாள். அவன்மேல் அவளுக்குக் கோபமில்லை. மெஷின் அப்படி ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பது பல்வலி மாதிரி இருந்தது. இருந்தும் அவள் எழவில்லை. அடுத்த பெட்டியை இழுத்துவைத்து மடித்து, டேப்பை ஓரத்தில் ஒட்டி, கடைசிவரைக்கும் இழுத்தாள்.

"ஆபீஸ்ல வீடியோ இருக்குது, போட்டுப் பாருங்க தம்பி" என்றாள். "அதுல வர்ற கைக்கு எல்லாம் நல்லாத் தெரியும்."